‘பட்டி’யில இருந்து ஆரம்பிக்கலாம்

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுல நின்னு, வர்ற போற டவுன் பஸ்ஸோட போர்டை எல்லாம் கொஞ்ச நேரம் படிச்சுப் பாருங்க. கொண்டலாம்பட்டி, தாதகாப்பட்டி, சீலநாயக்கன்பட்டி, அஸ்தம்பட்டி, களரம்பட்டின்னு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பட்டி இருக்கும். ப, ட், டி. எண்ணிப் பார்த்தா இதுல ரெண்டே ரெண்டு வடிவம்தான், ப-வும் ட-வும். ஒரு ட-வுக்கு மேல புள்ளி, இன்னொரு ட-வுக்கு இ சத்தம் குடுக்கற மேல்விலங்கு, அவ்வளவுதான். இந்த மூணையும் தெரிஞ்சுக்கிட்ட நாலு வயசுக் குழந்தை ஜன்னல் ஓரமா உட்கார்ந்துக்கிட்டு “அம்மா பட்டி, அங்க இன்னொரு பட்டி”ன்னு ஊரையே படிக்க ஆரம்பிச்சிடும். அதனால வீட்டுல பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்குடுக்க எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு யார் கேட்டாலும் நான் சொல்ற பதில் இதுதான், சுவத்துல மாட்டியிருக்கற அ ஆ இ ஈ சார்ட்டுல இருந்து வேண்டாம், பட்டியில இருந்து ஆரம்பிங்க.

நான் அம்மாபேட்டையில குடியிருக்கேன், ரெண்டு பிள்ளைங்க. பெரியவன் 2020 ஜூன்ல ஒண்ணாம் வகுப்பு சேர வேண்டியவன், அந்த மார்ச்சுலயே கொரோனாவால ஸ்கூல் எல்லாம் மூடிட்டாங்க, தமிழ்நாட்டுல ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் படிக்கற பிள்ளைங்க திரும்ப வகுப்புல போய் உட்கார்ந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான். அந்தக் காலம் முழுக்க அவனுக்கு எழுத்துன்னா அது நான் சொல்லிக்குடுத்த எழுத்துதான். 2021 கடைசியில அரசாங்கம் இல்லம் தேடிக் கல்வின்னு திட்டம் கொண்டுவந்தப்போ நானும் தன்னார்வலரா பேர் குடுத்தேன், சாயங்காலம் ஆனா எங்க தெருப் பிள்ளைங்க சிலேட்டைத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து உட்காருங்க. இப்போ சின்னவளுக்கு நாலரை வயசு, அவ கூட மறுபடியும் மொதல்ல இருந்து நடந்துக்கிட்டு இருக்கேன். இதுல பார்த்துப் பார்த்து மனசுல நின்னதைத்தான் எழுதறேன்.

சார்ட் வரிசையை ஏன் வேண்டாங்கறேன்னா, உயிரெழுத்து 12-ஐயும் ஒரு குழந்தை கஷ்டப்பட்டுப் படிச்சு முடிச்சிடுச்சுன்னு வெச்சுக்கங்க. அந்த 12-ஐ வெச்சு அது என்ன படிக்க முடியும்? ஈ. பழைய தமிழ்ல பசுவுக்குச் சொல்ற ஆ. அதுக்கு மேல ஒண்ணும் நகராது. சத்தத்தை நீட்டிக் காட்ட எழுதற அளபெடையை விட்டுட்டா உயிரெழுத்து வார்த்தைக்கு மொதல்லதான் வரும், நடுவுல வராது, அதனால ஒரு பக்கத்தைத் திறந்து வெச்சாலும் அங்கங்க ஒண்ணு ரெண்டுதான் கண்ணுல படும். மாசக்கணக்கா சார்ட்டைப் பார்த்துக் கத்தின குழந்தைக்கு எதிர்ல இருக்கற மளிகைக் கடை போர்டுல ஒரு வார்த்தை கூட எட்டாது. அதுவும் போக அ, இ, ஈ, ஐ, ஒள எல்லாம் வரையறதுக்கே சிரமமான எழுத்துங்க, சுழி, வளைவு, திரும்ப ஒரு கோடுன்னு. ஒரு நேர்கோடு ஒழுங்கா இழுக்கத் தெரியாத கையில மொத எழுத்தே அ-ன்னு குடுத்தா என்ன செய்யும் அது. இந்த வரிசை இலக்கணத்துக்கும் அகராதிக்கும் ரொம்ப நல்ல வரிசை, குறில் நெடில்னு அழகா ஜோடி போட்டு வெச்சிருக்காங்க, அதைப் பாட்டா பாடிக் காதுல ஏத்தி வெக்கறதுல எனக்கு எந்த மறுப்பும் இல்ல. எழுதப் படிக்க ஆரம்பிக்கற வாசல் அது இல்லன்னுதான் சொல்றேன்.

இப்போ ட, ப, ம மூணை மட்டும் எடுத்துக்கங்க. மூணும் பெரும்பாலும் நேர்கோடு. கூட ஒரு துணைக்கால், ஒரு மேல்விலங்கு, ஒரு புள்ளி. இதை வெச்சு என்னென்ன வருதுன்னு பாருங்க, படம், பட்டம், பாப்பா, மாமா, மாமி, பாட்டி, மாடி, மடி, படி, பாடம், டப்பா, மாடிப்படி. “பாப்பா, படி” அப்படின்னு ஒரு முழு வாக்கியமே வந்திடும். இதுல ஒரு வார்த்தை கூட குழந்தைக்குத் தெரியாத வார்த்தை இல்ல, எல்லாம் அது வீட்டுக்குள்ள தினமும் வாயால சொல்றது. அப்புறம் அ ஒண்ணைச் சேர்த்தா அம்மா, அப்பா. இரட்டைக்கொம்பும் (ே) ஐகாரக் கொம்பும் (ை) சேர்ந்துட்டா எங்க ஏரியா பேரே வந்திடுது, அம்மாபேட்டை. என் பொண்ணு அதை ஒரு மெடிக்கல் ஷாப் போர்டுல தானா கூட்டிப் படிச்சப்போ ரோட்டுல நின்னுட்டு “இது நம்ம வீடு”ன்னு கத்தினா. எழுத்துங்கறது சத்தம், சத்தம் சேர்ந்தா வார்த்தை, வார்த்தை சேர்ந்தா நம்ம ஊருன்னு அவளுக்குப் புரிஞ்சது அந்த நேரத்துலதான், அதுக்குத் தமிழோட 247 எழுத்தும் தேவைப்படல.

இதெல்லாம் நான் புதுசா கண்டுபிடிச்சது இல்ல. 1990-கள்ல அறிவொளி இயக்கம் நடந்தப்போ எழுதப் படிக்கத் தெரியாத பெரியவங்களுக்கு அ, ஆன்னு ஆரம்பிக்காம ‘பட்டா’, ‘படி’ன்னு வார்த்தையில இருந்துதான் ஆரம்பிச்சாங்க. நிலத்துப் பட்டா யார் பேர்ல இருக்குன்னு தெரியாம ஏமாந்தவங்களுக்கு அந்த வார்த்தை எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. எளிமையான வடிவம், வாழ்க்கைக்குத் தேவையான வார்த்தை, ரெண்டும் ஒண்ணா வருது. பெரியவங்களுக்குப் பட்டான்னா குழந்தைக்குப் பாட்டி, பட்டம், நம்ம ஊர்க் குழந்தைக்குப் பட்டி.

247-ன்னு கேட்டதுமே பயந்துக்கற அம்மா அப்பாங்க நெறைய பேர். இங்கிலீஷ்ல 26, தமிழ்ல 247, அதான் பிள்ளைங்களுக்குத் தமிழ் வரமாட்டேங்குதுன்னு படிச்சவங்களே சொல்லிக் கேட்டிருக்கேன், ரொம்ப வருத்தமா இருக்கும். கணக்கை உட்கார்ந்து போட்டுப் பாருங்க. உயிர் 12, ஆய்தம் 1. க-வுல இருந்து ன வரைக்கும் 18 வடிவம். மேல புள்ளி 1. துணைக்கால், ரெண்டு மேல்விலங்கு, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு, ஆக 6 குறி. கொ, கோ எல்லாம் இதே கொம்பும் காலும் சேர்ந்து வர்றதுதான், புதுசா எதுவும் இல்ல. ஒழுங்குக்கு அடங்காம அடம்பிடிக்கறது உ வரிசையும் ஊ வரிசையும்தான், கு-வுக்கு ஒரு மாதிரி, பு-வுக்கு ஒரு மாதிரி, து-வுக்கு ஒரு மாதிரி, அந்த 36-ஐயும் தனித்தனியா பழகித்தான் ஆகணும். எல்லாம் கூட்டினா 74. அதுலயும் ங வரிசையில ங் ஒண்ணுதான் நெஜமா புழக்கத்துல இருக்கு, ஒள வரிசை எப்பவாவது. ஆக குழந்தை முன்னாடி நிக்கறது மலை இல்ல, சின்னக் குன்று மாதிரி ஒரு கரடு. ஏறிடலாம்.

இந்த 74-ம் எங்க அத்தை, அதாவது என் மாமியார், படிச்ச காலத்துல இன்னும் அதிகமா இருந்துச்சு. அவங்க மளிகை லிஸ்ட் எழுதினா ‘வெல்லம், கடலை, தேயிலை’ன்னு வரும், அந்த லை பழைய லை, முன்னாடி யானைத் துதிக்கை மாதிரி சுருட்டிக்கிட்டு நிக்கும். பெரியவன் ஒண்ணாவது ரெண்டாவது படிக்கறப்போ அந்த லிஸ்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு “அப்பத்தா, இது என்ன எழுத்து, எங்க புக்குல இல்லையே”ன்னு கேட்டான். ணை, லை, ளை, னை, அப்புறம் ணா, றா, னா, அதோட ஒகர ஓகார வரிசைன்னு 13 எழுத்து அப்போ தனித்தனி உருவத்துல இருந்துச்சு. பெரியார் 1935-லயே தன்னோட பத்திரிகையில இதையெல்லாம் மாத்தி அச்சடிக்க ஆரம்பிச்சிட்டார், அரசாங்கம் ஏத்துக்கிட்டது 1978-ல எம்.ஜி.ஆர் ஆட்சியில. அதுக்கு ரொம்ப முன்னாடி 18-ஆம் நூற்றாண்டுல வீரமாமுனிவர் எ-வுக்கும் ஏ-வுக்கும், ஒ-வுக்கும் ஓ-வுக்கும் எழுத்துல வித்தியாசம் தெரியற மாதிரி செஞ்சு வெச்சார். நம்ம எழுத்தைப் படிக்கறவங்களுக்கு லேசாக்கணும்னு எவ்வளவு பேர் யோசிச்சிருக்காங்கன்னு நெனைச்சா மனசு நெறைஞ்சு போவுது, அப்படி லேசாக்கிக் குடுத்த எழுத்தை நாம வீட்டுல மிரட்டிச் சொல்லிக்குடுக்கறது நியாயமே இல்ல.

ஆனா எழுத்துக்கு முன்னாடி காது. எங்க பக்கம் தறி தெரிஞ்சவங்களுக்குச் சொன்னா உடனே புரியும், பாவு (நெடுக்கு நூல்) ஏத்தாம ஊடை (குறுக்கு நூல்) ஓட்ட முடியாது, காதுல சத்தம் பிரிஞ்சு விழாத குழந்தைக்கு எழுத்து ஒட்டாது. மாம்பழம்னு சொன்னா அதுல மா, ம், ப, ழ, ம்னு அஞ்சு துண்டு இருக்குன்னு காதால கேக்கத் தெரியணும். இதுக்குப் புக்கு வேண்டாம், சிலேட்டு வேண்டாம், காசு வேண்டாம். கை தட்டித் தட்டிச் சொல்லலாம், படி ஏறும்போது ஒரு படிக்கு ஒரு எழுத்தா சொல்லலாம், “ப-வுல ஆரம்பிக்கற சாமான் எல்லாம் சமையல்கட்டுல என்னென்ன இருக்கு”ன்னு கேக்கலாம், பருப்பு, பால், பாத்திரம், பச்சை மிளகாய்னு அடுக்கிடுங்க. புள்ளி வெச்ச எழுத்து மட்டும் லேட்டாதான் காதுல விழும், பட்டம்னு சொன்னா ப, ட, ம்னு மூணாதான் பிரிக்கும் சின்னதுங்க, நடுவுல ஒரு ட் ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்க நாள் ஆவும். ‘படம்’, ‘பட்டம்’ ரெண்டையும் மாத்தி மாத்திச் சொல்லி ரெண்டும் ஒண்ணான்னு கேட்டுக்கிட்டே இருந்தா தானா பிடிபடும்.

இந்த விளையாட்டுக்கு எனக்குத் தெரிஞ்சு ஏற்காடு போற பஸ் மாதிரி நல்ல இடம் கிடையாது. அடிவாரம் தாண்டினதும் 20 கொண்டை ஊசி வளைவு. வளைவுல புக்கையோ போனையோ குடுத்தா பிள்ளைங்களுக்கு வாந்திதான் வரும், ஆனா காது விளையாட்டு விளையாடினா வெளிய பார்த்துக்கிட்டே வருங்க. ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் இருக்கு, அந்த நம்பரைப் படிக்கறது சின்னவ வேலை, வளைவு திரும்பி முடிக்கறதுக்குள்ள முந்தின வார்த்தையோட கடைசி எழுத்துல புது வார்த்தை சொல்றது பெரியவன் வேலை. மிளகு, குரங்கு, குருவி, விறகு, குடம், மரம், மலைன்னு ஓடும். எங்க ஊர்ல இருக்கறவங்க வருஷத்துல எப்படியும் மேல போயிட்டுத்தான் வர்றோம், அந்த ஒரு மணி நேரப் பயணத்தைச் சும்மா விடாதீங்க.

வீட்டுல படிக்காத பெரியவங்க இருந்தா அவங்களை ஒதுக்கி வெச்சுட்டு நாம மட்டும் டீச்சரா உட்கார்றது எனக்குப் பிடிக்காத விஷயம். எங்க அம்மாவைப் பெத்த ஆயாவுக்கு கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. ஆனா அவங்க போட்ட விடுகதை எத்தனை, “அடிக்க மாட்டா, திட்ட மாட்டா, ஆனா கண்ணீர் வர வெச்சிடுவா, யாரு?”ன்னு வெங்காயத்தைப் பத்திக் கேக்கறப்போ குழந்தை வார்த்தையைப் புடிச்சு வெச்சு யோசிக்குது பாருங்க, படிச்சதைப் புரிஞ்சுக்கறதும் அந்த வேலைதான். கதை கேட்டு வளர்ந்த பிள்ளை புக்குல ‘அப்புறம் என்ன ஆச்சு’ன்னு தேடும். எழுத்து மட்டும் கத்துக்கிட்ட பிள்ளை எழுத்தை வாசிக்கும், என்ன படிச்சேன்னு கேட்டா முழிக்கும். எங்க தெரு வகுப்புல ரெண்டு வகையையும் பார்த்தேன்.

அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை பக்கம் எல்லாம் வீட்டுக்குள்ள சௌராஷ்டிரா, தெலுங்கு, கன்னடம் பேசற குடும்பங்க நெறைய. அந்தப் பிள்ளைங்க தெருவுல தமிழ் நல்லா பேசுங்க, ஆனா சில வீட்டுச் சாமான் பேரு, சமையல் பேரு எல்லாம் வீட்டு பாஷையில மட்டும் தெரிஞ்சிருக்கும். அவங்க அம்மாங்க என்கிட்ட “இனிமே வீட்டுலயும் தமிழ்லயே பேசட்டுங்களா அக்கா”ன்னு கேப்பாங்க. வேண்டவே வேண்டாம்னுதான் சொல்லுவேன். எந்த பாஷையில கதை சொன்னாலும் குழந்தைக்குக் கதை கேக்கற காது வந்திடும், அது தமிழ் படிக்கவும் உதவும். அம்மாவுக்கு வாய்க்கு வர்ற பாஷையை நிறுத்திட்டு தட்டுத் தடுமாறி வேற பாஷையில பேசினா குழந்தைக்குக் கெடைக்கற பேச்சே கொறைஞ்சு போயிடும். தெருவுல தமிழ் தாராளமா கெடைக்குது, வீட்டுல வீட்டு பாஷை இருக்கட்டும்.

சொல்லிக்குடுக்கும்போது எல்லாக் குழந்தையும் தடுக்கி விழற இடம் ஒண்ணு இருக்கு, அதைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா கோபம் வராது. கொம்பு. வாய் சொல்றப்போ ‘ப்’ மொதல்ல, ‘ஏ’ அப்புறம். எழுதறப்போ இரட்டைக்கொம்பு மொதல்ல, ப பின்னாடி. இதுவரைக்கும் துணைக்கால், விலங்கு எல்லாம் சொல்ற வரிசையிலயே எழுத்துக்குப் பின்னாடியோ மேலயோ வந்துச்சு, திடீர்னு குறி முன்னாடி போய் உட்கார்ந்தா குழந்தை குழம்பத்தான் செய்யும். பே-ன்னு எழுதச் சொன்னா ப எழுதிட்டு அதுக்குப் பின்னாடி கொம்பு போடும். கொ, கோ-ன்னு வந்தா ரெண்டு பக்கமும் குறி, இன்னும் குழப்பம். நான் அட்டையில வெட்டி வெச்சிருக்கேன், 18 எழுத்து தனியா, குறி தனியா. எழுத்தை மேஜையில வெச்சுட்டு கொம்பை நகர்த்தி முன்னாடி வெச்சா பெ, பே, பை. கூடவே பின்னாடி காலை வெச்சா பொ, போ. கல்யாணப் பத்திரிகை அட்டையில வெட்டினது, கடையில வாங்க வேண்டிய அவசியமே இல்ல. கையால நகர்த்தி நகர்த்திப் பார்த்த குழந்தைக்கு இந்த விஷயம் கண்ணால மட்டும் பார்த்த குழந்தையை விடச் சீக்கிரமா பிடிபடுது.

இன்னொரு இடம், ஒரே எழுத்துக்கு ரெண்டு மூணு சத்தம். பாம்புன்னு சொல்றப்போ மொதல்ல வர்ற ப வேற, கடைசியில வர்ற பு வேற சத்தம். கல், தங்கம், மகன், மூணுலயும் க ஒரே மாதிரியா ஒலிக்குது? இங்கிலீஷ் மீடியத்துல எல்.கே.ஜி.யிலயே சத்தத்துக்கு ஒரு எழுத்துன்னு பழகின பிள்ளைங்க தமிழுக்கு வந்ததும் “இது எந்த ப”ன்னு கேக்கும். இதுக்கு விதி சொல்லி விளக்கம் குடுக்க வேண்டியதில்ல. பேச்சுல அந்தச் சத்தம் எங்க எப்படி மாறணும்னு குழந்தைக்கு ஏற்கனவே தெரியும், ரெண்டு வயசுல இருந்து பாம்பைப் பாம்புன்னு சரியாத்தான் சொல்லிக்கிட்டு இருக்கு. அதனால வார்த்தையா படிக்கக் குடுங்க, ஒத்தை எழுத்தா நிறுத்தாதீங்க. வார்த்தை தெரிஞ்ச வார்த்தைன்னா வாய் தானா திருத்திக்கும்.

இப்போ கை. இதுலதான் எனக்கு ரொம்ப ஆதங்கம். மூணரை வயசுப் பிள்ளைக்குப் பென்சிலைக் குடுத்து நாலு கோட்டு நோட்டுல ஒரு பக்கம் முழுக்க எழுதிட்டு வரச் சொல்றாங்க, அது ராத்திரி ஒம்பது மணிக்கு அழுதுகிட்டே எழுதுது, பக்கத்துல அம்மாவும் அழுவாத குறையா உட்கார்ந்திருக்காங்க. மணிக்கட்டுல இருக்கற 8 சின்ன எலும்பும் பொறக்கறப்போ குருத்தெலும்புதான், வருஷம் போகப் போக ஒண்ணொண்ணா கெட்டியாவுது, கடைசி எலும்பு கெட்டியாக ஆரம்பிக்கவே எட்டு வயசுக்கு மேல ஆவும். அந்தப் பிஞ்சுக் கையை வெச்சு ஒரே எழுத்தை ஒரு பக்கம் எழுத வெச்சா எழுத்து மேல வெறுப்புதான் வரும். அதுக்குப் பதிலா விரலுக்கு வேலை குடுங்க. பட்டாணி உரிக்கட்டும், சப்பாத்தி மாவு பிசையட்டும், பூ தொடுக்க நார் எடுத்துக் குடுக்கட்டும், துணி கிளிப்பைப் புடிச்சு அமுக்கி மாட்டட்டும், மார்கழியில வாசல்ல நீங்க கோலம் போடறப்போ புள்ளி வெக்கட்டும். கோலத்துல புள்ளியைச் சுத்தி வளைச்சுக் கொண்டுவந்து சேர்க்கத் தெரிஞ்ச கைக்கு அ எழுதறது ஒரு விஷயமே இல்ல.

எழுத ஆரம்பிக்கறப்போ பெருசா எழுத விடுங்க. தரையில சாக்பீஸ், தட்டுல ரவை, ஈர மணல்ல விரல். திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணல்ல எழுதிப் பழகினதும், விஜயதசமிக்குத் தாம்பாளத்துல அரிசியைப் பரப்பி எழுத வெக்கறதும் இதே யோசனைதான், விரல் நேரா எழுத்தோட வழியில போவுது, தப்பா போனா கையால கலைச்சிட்டு மறுபடி எழுதலாம். சிலேட்டும் அப்படித்தான், நோட்டை விட எனக்குச் சிலேட்டுதான் ஒசத்தி, அழிச்சா அடையாளமே இருக்காது, குழந்தைக்குப் பயம் இருக்காது. கிரேயான் குடுத்தா உடைச்சு சின்னத் துண்டா குடுங்க, துண்டா இருந்தா விரல் நுனியாலதான் புடிக்க முடியும், முழுசா குடுத்தா முஷ்டியில புடிச்சுக்கும். இடது கையால எழுதற குழந்தைன்னா எழுதட்டும், வலது கைக்கு மாத்தறேன்னு நிக்காதீங்க, பெரியவங்க யாராவது சொன்னாலும் நீங்க குழந்தை பக்கம் நில்லுங்க.

புக்குத் தமிழ் வேற, வீட்டுத் தமிழ் வேற. இது நம்ம பிள்ளைங்களுக்குக் கூடுதலா ஒரு சுமை, இதைப் பத்தி யாரும் அதிகமா பேசறதில்ல. வீட்டுல “வந்துட்டாங்க”, புக்குல ‘வந்துவிட்டார்கள்’. எழுத்துக் கூட்டி வந்-து-விட்-டார்-கள்னு சரியாவே படிச்சிட்டு, அது “வந்துட்டாங்க”தான்னு தெரியாம நிக்கற பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன். படிக்கத் தெரியலன்னு அதைத் திட்டறாங்க, அது படிச்சிடுச்சு, அந்த வார்த்தையைக் காதால இதுவரைக்கும் கேட்டதில்ல, அவ்வளவுதான். அதுக்குத்தான் நாம சத்தமா படிச்சுக் காட்டணும். தூங்கப் போற முன்னாடி ஒரு கதை, புக்குல இருக்கற மாதிரியே படிச்சிட்டு, நடுநடுவுல நம்ம பேச்சுல சொல்லிட்டுப் போங்க. ரெண்டும் ஒரே சேதின்னு காதுக்குப் பழகிடும்.

அதோட கூட நான் செய்யறது ஒண்ணு, சில டீச்சருங்க ஒத்துக்க மாட்டாங்க. குழந்தை சொல்றதை அது சொன்ன மாதிரியே எழுதிக் குடுப்பேன். “நான் ஆயா வீட்டுக்குப் போனேன். பூனை குட்டி போட்டுச்சு. எனக்கு ஒண்ணு குடுக்கல.” இதுதான் என் பொண்ணு சொன்னது, இதைத்தான் பெரிய எழுத்துல எழுதி பீரோ கதவுல ஒட்டினேன். அவ சொன்ன வார்த்தை, அதனால அடுத்து என்ன வரும்னு அவளுக்குத் தெரியும், விரலை வெச்சு ஒவ்வொரு வார்த்தையா ஓட்டிப் படிப்பா, யார் வந்தாலும் கூட்டிட்டுப் போய் படிச்சுக் காட்டுவா. பேச்சுத்தமிழை எழுதிக் காட்டினா தமிழ் கெட்டுப்போயிடும்னு பயப்படறவங்களுக்கு நான் சொல்றது, எழுத்து நடை பின்னால புக்கு படிக்கப் படிக்க வந்து சேரும். நான் பேசறதையும் எழுத முடியும், எழுதினதை நாளைக்கும் படிக்க முடியும்ங்கற ஆச்சரியம் இந்த வயசுலதான் வரணும்.

தப்பு திருத்தறது பத்தி. கொலுசை ‘கொளுசு’ன்னு எழுதினா நான் இந்த வயசுல விட்டுடுவேன். எங்க ஊர்ல தெருவுக்குத் தெரு கொலுசுப் பட்டறை, வார்த்தை காதுல விழுந்துக்கிட்டே இருக்கு, எழுத்தைப் பல தடவை கண்ணால பார்த்தா சரியாயிடும். ல, ள, ழ, அப்புறம் ர, ற, அப்புறம் ந, ன, ண, இந்தக் குழப்பம் மூணாவது நாலாவது படிக்கறப்போ வரைக்கும் கூட இருக்கத்தான் செய்யும், நம்ம பேச்சுலயே பழத்தை ‘பளம்’னு சொல்றவங்க எத்தனை பேர். ஆனா புள்ளி விட்டா, கால் விட்டா, அதைச் சும்மா விடமாட்டேன், ஏன்னா அது சத்தத்தையே மாத்திடுது. ‘பட்டம்’னு எழுத வேண்டியதை ‘படடம்’னு எழுதினா “நீ எழுதினதைச் சத்தமா படி சாமி”ன்னு சொல்லுவேன், படிச்சதும் அதுவே புள்ளியை வெச்சிடும். சிவப்புப் பேனாவைக் கையில எடுக்கவே வேண்டாம்.

வீட்டுல புக்கு வாங்க வசதி இல்லன்னு சொல்றவங்ககிட்ட நான் உப்புப் பாக்கெட்டைக் காட்டுவேன். எண்ணெய் பாக்கெட், தீப்பெட்டி, காலண்டர், கரண்டு பில்லு, ரேஷன் கடையில அரிசி, பருப்பு, சர்க்கரைன்னு இருப்பு எழுதிப் போட்டிருக்கற போர்டு. பேப்பர்ல தலைப்பு எழுத்தை மட்டும் பார்த்து ‘ம’ எங்கெல்லாம் இருக்குன்னு வட்டம் போடச் சொன்னா, நாம சமையலை முடிச்சிடலாம். சாயங்காலம் வெளிய போனா தட்டுவடைக் கடை போர்டு, த, ட், டு, வ, டை. சாப்பிடற ஆசையில எழுத்து என்னமா ஓடி வருது தெரியுங்களா. ரேஷன் கடையில உப்பு எந்தப் பக்கம்னு பார்த்துச் சொல்ற குழந்தைக்கு, படிக்கறதுங்கறது ஹோம்வொர்க் இல்ல, வீட்டுக்கு உதவற வேலை.

ஸ்கூல் பிள்ளைங்களோட அம்மாங்களுக்கு ஒரு வார்த்தை. கொரோனாவுக்கு அப்புறம் 2022-ல அரசுப் பள்ளிகள்ல ஒண்ணு முதல் மூணாம் வகுப்பு வரைக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் கொண்டுவந்தாங்க, அதுல பிள்ளைங்களை வகுப்பைப் பார்த்துப் பிரிக்காம, அரும்பு, மொட்டு, மலர்னு இப்போ எந்த நிலையில இருக்கோ அதை வெச்சுப் பிரிச்சுச் சொல்லிக்குடுக்கறாங்க. அந்த யோசனை வீட்டுக்கும் வேணும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்த நிலையில இருந்தா நமக்கென்ன, நம்ம பிள்ளை நிக்கற படியில இருந்து அடுத்த படி எதுன்னு மட்டும் பாருங்க.

ஆறு, ஏழு வயசு வரைக்கும் எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதறது சகஜம், அதுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா ஏழு, எட்டு வயசு ஆகியும், நல்லா சொல்லிக்குடுத்தும், எழுத்தும் சத்தமும் சேரவே மாட்டேங்குதுன்னா சோம்பேறின்னு பேர் வெச்சு அடிச்சிடாதீங்க. மொதல்ல கண் டாக்டர்கிட்டயும் காது டாக்டர்கிட்டயும் காட்டுங்க, எங்க தெருப் பையன் ஒருத்தனுக்குக் கண்ணாடி போட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்துபோச்சு. அதுவும் சரியா இருந்தா கற்றல் குறைபாடான்னு அதுக்குன்னு இருக்கற நிபுணர்கிட்ட பரிசோதிக்கணும். 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்காங்க, அதனால உதவி கேக்கறது உங்க பிள்ளையோட உரிமை. அந்தப் பிள்ளைங்க கெட்டிக்காரப் பிள்ளைங்க, படிக்கற வழி மட்டும் வேற.

பட்டிக்கு அப்புறம் என்ன எழுத்துன்னு கேக்கறவங்களுக்கு நான் போற வரிசையைச் சொல்லிடறேன். ட, ப, ம நல்லா பழகினதும் க, ல. பால், கால், கல், பல், கம்மல், கட்டில் எல்லாம் வந்திடும், கூடவே ஐகாரக் கொம்பு வந்தா கடை, மலை, மாலை. அப்புறம் வ, ர, ய, த, ச. சேலம்னு எழுத இப்போ முடியும். கொம்பு எல்லாம் அட்டையில நகர்த்தி முடிச்சதும் உ வரிசை, அதுலயும் டு மொதல்ல, மாடு, பாட்டு, கட்டுன்னு வார்த்தை குவியும், பின்னாடி கு, பு, து. நாங்க இப்போ டு-வுலதான் இருக்கோம். ந, ன, ண அதுக்கு அப்புறம், ஒண்ணாச் சேர்த்து இல்ல, ஒண்ணு நல்லா பதிஞ்ச பின்னாடி இன்னொண்ணு. ர-வும் ற-வும் அதே மாதிரிதான், ழ கடைசிக்குக் கிட்டத்துல. ங-வையும் ஞ-வையும் தனியா உட்கார வெச்சு எழுத வெக்காதீங்க, தங்கம், மாங்காய், மஞ்சள், பஞ்சுன்னு வார்த்தையோட வரட்டும். ஸ, ஜ எல்லாம் பஸ்ஸுலயும் அஸ்தம்பட்டியிலயும் பார்த்துக்கலாம். ஒள-வுக்கு ஒரு அவசரமும் இல்ல.